ரெண்டு மணி நேரம் ஓடினா ஹேங் ஆகுற கம்ப்யூட்டரும் அத்தை கல்யாண கேசட்டும்

எங்க வீட்ல ஒரு விஎச்எஸ் கேசட் இருக்கு. 1994ல கும்பகோணத்துல நடந்த அத்தை கல்யாணம், முழுசா மூணு மணி நேர டேப். இதை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா மூணு மணி நேரமும் ஓட விட்டுத்தான் ஆகணும், பென் டிரைவ்ல இருந்து படம் காப்பி பண்ற மாதிரி அஞ்சு நிமிஷத்துல முடியாது, விசிஆர் ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும், அதுல இருந்து யுஎஸ்பி கேப்சர் கார்டு வழியா நொடிக்கு 25 ஃப்ரேம் வந்துக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஒரு நொடி கூட நிக்காம அதை என்கோட் பண்ணிக்கிட்டே இருக்கணும். நடுவுல கம்ப்யூட்டர் போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்துதான். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அந்த 30 வருஷ டேப் விசிஆர் ஹெட்ல உரசிக் கொஞ்சம் தேயுது.

அந்த டேப்போட கடைசி அரை மணி நேரத்துலதான் தாத்தா பேசுறார்னு அப்பா சொல்வார். பொண்ணு கிளம்புற நேரம். தாத்தா 1997ல போய்ட்டார், அவர் குரல் வேற எதுலயும் இல்ல. டிவில போட்டுப் பாத்துடலாமேன்னு கேட்டா அப்பா வேணாம்னுட்டார், ஓட்டுறது ஒரே தடவை, அப்பவே பதிவு ஆகட்டும்னார்.

எங்க கம்ப்யூட்டர் என்னடான்னா ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கும் ரெண்டேகால் மணி நேரத்துக்கும் நடுவுல எப்பவாவது செத்துடும். சில நாள் படம் அப்படியே உறைஞ்சு மவுஸ் கூட நகராது, சில நாள் நீலத் திரை, சில நாள் ஒண்ணுமே சொல்லாம தானா ரீஸ்டார்ட் ஆகும். மெயில், யூடியூப், அப்பாவோட பென்ஷன் வேலைன்னு சாதாரணமா அரை மணி ஒரு மணி நேரம் போட்டா எந்தப் பிரச்சினையும் கிடையாது. அதனாலதான் இது எவ்ளோ நாளா இருக்குன்னே எங்களுக்குத் தெரியல. ரெண்டு தடவை கேசட் போட்டு ரெண்டு தடவையும் பாதியில போச்சு, அதுக்கப்புறம் கேசட்டை எடுத்து பீரோல வச்சுட்டேன், மெஷின் சரியாகுற வரைக்கும் அதைத் தொடுறதில்லைன்னு.

அந்த ரெண்டு தடவைல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், கேசட் கேப்சர் பண்றவங்க யாராவது படிச்சா உபயோகப்படும். எம்பி4 ஃபைலா ரெக்கார்ட் பண்ணாதீங்க. அந்த ஃபைலைத் திறக்கத் தேவையான விவரம் எல்லாம் ரெக்கார்டிங் முடிச்சு மூடும்போதுதான் எழுதப்படும், நடுவுல கரண்ட் போனாலோ மெஷின் செத்தாலோ மொத்த ஃபைலும் திறக்காது. எம்கேவி (MKV) ஃபைலா பண்ணா செத்த நொடி வரைக்கும் உள்ளது உங்க கையில இருக்கும், அப்புறமா எம்பி4ஆ மாத்திக்கலாம். தம்பி கேட்டான், அப்போ ரெண்டு துண்டா எடுத்து ஒட்டிடலாமேன்னு. எடுக்கலாம்தான். ஆனா இந்த ஒரு கேசட்டோட முடியல, இன்னும் பதினோரு கேசட் வரிசையில நிக்குது, அதோட காரணமே தெரியாம சாகுற மெஷின் சாகுறதுக்கு முன்னாடி என்ன தப்புத் தப்பா எழுதி வச்சிருக்குமோன்னு எனக்கு நம்பிக்கை வரல.

மெஷின் 2016ல டெல்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்ல அசெம்பிள் பண்ணது. இன்டெல் ஐ5 6500, 8 ஜிபி ரேம் ரெண்டு, அப்புறமா சேர்த்த 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. நாங்க இருக்கறது மயூர் விஹார் ஃபேஸ் ஒண்ணு, உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம், கடைசி மாடி, தலைக்கு மேல மொட்டை மாடி. இதெல்லாம் நடந்தது 2024 மே கடைசி, ஜூன் மாசம். அந்த மே 29 அன்னிக்கு டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துல 46.8 டிகிரி. டெல்லில இருந்தவங்களுக்கு அந்த வாரம் மறக்காது, ராத்திரி பதினோரு மணிக்கு டேங்க் தண்ணி கை வைக்க முடியாம கொதிக்கும்.

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், மெஷினைத் தூக்கிட்டு ஆட்டோல நேரு பிளேஸ் போனேன். கடைக்காரர் ஏசி ரூம்ல வச்சு 20 நிமிஷம் ஓட்டினார், ஒண்ணும் ஆகல. நீலத் திரையில வந்த எரரை எல்லாம் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தேன், காட்டினேன், ஒண்ணு மெமரி மேனேஜ்மென்ட்னு இருந்துச்சு. உடனே "ரேம் கராப் ஹை, போர்டு பீ வீக் ஹை"ன்னு, அதாவது ரேம் கெட்டுப்போச்சு, போர்டும் வீக்குன்னு சொல்லி 11,000 ரூபாய்க்கு கணக்கு போட்டுக் குடுத்தார். ரெண்டு மணி நேரம் ஆனப்புறம் மட்டும் வர்ற கோளாறை 20 நிமிஷத்துல எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டேன், பதில் சரியா வரல. அப்படியே திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன். இங்க ஒண்ணு அழுத்தமா சொல்றேன், இந்த மாதிரி நேரம் ஆக ஆக வர்ற கோளாறைக் கடைல கண்டுபிடிக்கவே முடியாது, அது உங்க ரூம்ல உங்க சூட்டுல உங்க வேலையில வர்றது, அங்கதான் பிடிக்கணும்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டு போட்டேன். ஆன் பண்ண நேரம், செத்த நேரம், ரூம் எத்தனை டிகிரி, எப்படிச் செத்துச்சு, அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் கழிச்சுத் திரும்ப ஆன் பண்ணேன். சோதனைக்கு கல்யாண கேசட் இல்லாம பழைய கிரிக்கெட் மேட்ச் பதிவு பண்ண கேசட் ஒண்ணு கிடந்தது, அதைப் போட்டுத்தான் ஓட்டினேன், அது போனாலும் பரவால்ல, மெஷினுக்கு வேலை அதே வேலைதான்.

மூணு நாள் எழுதினதும் நோட்டுல ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது. செத்த உடனே ரீஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷத்துல திரும்பச் சாகுது. ஆஃப் பண்ணி முக்கால் மணி நேரம் ஆற விட்டு ஆன் பண்ணா திரும்ப ரெண்டு மணி நேரம் நல்லா ஓடுது. இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடிச்சுடுச்சு. நேரம் ஆக ஆக கெடுற மெஷினுக்குப் பொதுவா ரெண்டு காரணம்தான், ஒண்ணு ஏதோ ஒரு சாஃப்ட்வேரோ டிரைவரோ மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுக்காம சேத்துக்கிட்டே போறது, இன்னொண்ணு சூடு. மெமரி விஷயமா இருந்தா ரீஸ்டார்ட் பண்ண உடனே எல்லாம் காலி ஆகி புதுசா ஆரம்பிக்கும், ஆற விடணும்னு அவசியமே இல்ல. சூடுன்னா ரீஸ்டார்ட் எதையும் மாத்தாது, உள்ள கொதிக்கிறது கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

இந்த சோதனையைப் பண்ணும்போது ஒரு இடத்துல ஏமாந்துடாதீங்க. விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸோட அடிப்படைப் பகுதியான கெர்னல் முழுசா மூடாது, அதை அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அடுத்த தடவை எடுத்துக்கும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல அப்டைம் பாருங்க, தினமும் ஷட் டவுன் பண்றவங்களுக்கும் பத்து நாள் பன்னெண்டு நாள்னு காட்டும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் நிஜமாவே புதுசா ஆரம்பிக்கும். நான் அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிட்டுத்தான் திரும்ப எழுதினேன். மெமரி எவ்ளோ போகுதுன்னும் கால் மணிக்கு ஒரு தடவை குறிச்சேன், ஆரம்பத்துல 5.8 ஜிபி, சாகுறதுக்கு முன்னாடி 5.9. ஏறவே இல்ல. அதோட சாஃப்ட்வேர் பக்கத்தை மூடிட்டேன்.

விண்டோஸ் நடந்ததைக் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்லயும் போய்ப் பாத்தேன், கெர்னல் பவர் 41னு சிவப்பா நிறைய இருக்கும். அதைப் பாத்து பவர் சப்ளைதான் போச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க, ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம மெஷின் நின்னிருக்குன்றதைத் தவிர அது எதுவும் சொல்லல, நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதேதான் வரும்.

அப்புறம் சூடு. எச்டபிள்யுஇன்ஃபோனு இலவச சாஃப்ட்வேர், எல்லா சென்ஸாரையும் ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும். மெஷின் செத்தாலும் அதுக்கு முந்தின நொடி வரைக்கும் உள்ள கணக்கு இருக்கும், அதுதான் முக்கியம். ப்ராசஸர் 98 டிகிரி. சைடு பேனலைக் கழட்டினா உள்ள டெல்லியே இருந்துச்சு. இங்க வெயில் காலத்துல ஆந்தி அடிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு வானம் பழுப்பாகி அரை மணி நேரம் புழுதி, ஜன்னலை எவ்ளோ மூடினாலும் மாவு மாதிரி உள்ள வந்துடும். அதோட எங்க ரூம்ல கூலர் வேற, அந்த ஈரக் காத்துல புழுதி ப்ராசஸர் சூட்டை இழுக்கற ஹீட் சிங்க்ல படிஞ்சு களிமண் மாதிரி காஞ்சு போயிருந்தது. பெயின்ட் அடிக்கிற புது பிரஷ்ஷால தட்டி எடுத்து அப்புறம் ப்ளோயர் அடிச்சேன், அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா காத்துல தாறுமாறா சுத்தி பேரிங் போய்டும். ப்ராசஸர் கூலர் நாலு பின்ல நிக்கிறது, அதுல ஒரு பின் தூக்கிட்டு இருந்துச்சு, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூடு கடத்துற பேஸ்ட் காஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சு புது பேஸ்ட் பட்டாணி அளவு வச்சு நாலு பின்னும் கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தினேன். 98ல இருந்தது 76க்கு இறங்குச்சு.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷத்துல செத்துச்சு.

அப்பாவுக்கு அது ரொம்ப ஏமாற்றம், வெளிய காட்டிக்கல. எனக்கு அப்பதான் உறைச்சது, ப்ராசஸர் சூடானா அது முதல்ல பண்றது தன் வேகத்தைக் குறைச்சுக்கறது, அதுக்கும் மேல போனா பட்டுனு ஆஃப் ஆகும், விதவிதமா நீலத் திரை காட்டுறது அதோட வழக்கம் இல்ல. நான் ஒரு நிஜமான கோளாறை சரி பண்ணியிருக்கேன், ஆனா அது இந்தக் கோளாறு இல்ல. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்திருக்கு.

சரி, கடைக்காரர் சொன்ன மாதிரி ரேமான்னு பாக்கலாம்னு மெம்டெஸ்ட்86 பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க விட்டேன், நாலு பாஸ், ஒரு எரர் இல்ல. ஆனா ராத்திரி ஏசி ஓடிச்சு, ரூம் 27 டிகிரி. சூட்டுல வர்ற கோளாறைக் குளிர்ல வச்சு சோதிச்சா என்ன அர்த்தம்? அதனால மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஏசி, கூலர் ரெண்டையும் ஆஃப் பண்ணி ஜன்னலை சாத்திட்டு, ரூம் 38 டிகிரில அதே டெஸ்ட்டை விட்டேன். அம்மா அந்த ரூம் பக்கமே வரல. அப்பவும் சுத்தமா பாஸ். ரேம் நல்லாதான் இருக்கு. அந்த டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், ப்ராசஸரும் முழு பலத்துல வேலை செய்யாது, அதாவது மெஷின் இழுக்கற கரண்ட் கம்மி. ரூம் சூடா இருந்தும் கரண்ட் கம்மியா இழுத்தா சாகல. இந்த வரியை நோட்டுல எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

அதுக்கு விடை அம்மாவோட ஊதுவத்தியில கிடைச்சது. சாயங்காலம் விளக்கு வச்சு ஊதுவத்தி ஏத்திட்டு ரூம் ரூமா காட்டிட்டு வருவாங்க, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்தது, அம்மா அதுக்குப் பின்னாடி ஜன்னல் பக்கம் நின்னாங்க. கேபினட் பின்னாடி ஃபேன்கிட்ட வந்ததும் புகை சட்டுனு கலைஞ்சு அடிச்சுது, ஊதுவத்தியைக் கீழ இறக்கி மூலையில குத்தி வைக்கும்போது எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) வலைகிட்ட அந்தப் புகை நேரா, நூல் மாதிரி மேல ஏறுது. துளி அசையல. அங்க காத்து வெளிய தள்ளிக்கிட்டு இருக்கணுமே. அம்மா கையைப் பிடிச்சு நிறுத்தி அங்கேயே வச்சுக்கச் சொன்னேன், அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்க கேபினட்ல எஸ்எம்பிஎஸ் அடியில உட்கார்ந்திருக்கும், ஃபேன் கீழ் நோக்கி, காத்தைத் தரையில இருந்து இழுத்துப் பின்பக்கமா தள்ளும். கேபினட்டை டைல்ஸ் கீறக் கூடாதுன்னு பவானி ஜமுக்காளத்தை நாலா மடிச்சு அது மேல வச்சிருந்தோம், எட்டு வருஷமா. கேபினட்டோட கால் துணிக்குள்ள புதைஞ்சு ஃபேனுக்கு மூச்சு விட இடமே இல்ல. பிளக்கைப் பிடுங்கி, மெஷினைச் சாய்ச்சுப் படுக்க வச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தேன், அடி ஃபில்டர் முழுக்க ஜமுக்காள நூலும் புழுதியும். விளக்கமாத்து ஈர்க்குச்சி ஒண்ணை விட்டு ஃபேன் இறக்கையைத் தள்ளினேன், மண் கடிச்ச மாதிரி அரை சுத்து சுத்தி நின்னுச்சு. கீழ் நோக்கி இருக்கறதால அது சுத்துதா இல்லையான்னு யாரும் பாக்கவே வழி இல்ல. விலை அதிகமான சில எஸ்எம்பிஎஸ்ல சூடு கம்மியா இருக்கும்போது ஃபேன் தானா நிக்கறது வழக்கம்தான், எங்களோடது அந்த ரகம் இல்ல.

சந்தேகம் போதாது, அளந்து பாத்துடணும்னு மல்ட்டிமீட்டர் எடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒண்ணு சும்மா தொங்கும், அதுல மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கருப்பு ரெண்டும் கிரவுண்ட். மெஷின் ஓடும்போதே அளக்கலாம், மீட்டர் முனை பக்கத்து பின்ல பட்டு ஷார்ட் ஆகாம மட்டும் பாத்துக்கணும். 12 வோல்ட்ல அஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னு கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் தரத்தோட கணக்கு, அதாவது 11.4ல இருந்து 12.6 வரைக்கும். கிரிக்கெட் கேசட்டைப் போட்டேன். ஆரம்பத்துல 12.08. ஒரு மணி நேரத்துல 11.84. ஒண்ணரை மணி நேரத்துல 11.6. ரெண்டு மணி நேரம் நெருங்கும்போது 11.31, அப்பா மீட்டரைப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருக்கும்போது நீலத் திரை.

ஏன் ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்துச்சுன்னு இப்பதான் புரிஞ்சுது. ப்ராசஸருக்கும் ரேமுக்கும் போற வோல்ட்டேஜ் ஒண்ணு ஒண்ணேகால்தான், அதை மதர்போர்டு எஸ்எம்பிஎஸ் குடுக்கறதுல இருந்துதான் தயார் பண்ணுது. மேல இருந்து வர்றதே தள்ளாடினா கீழ யார் முதல்ல தடுமாறுவாங்கன்னு சொல்ல முடியாது, இன்னிக்கு ரேம் ஒரு பிட்டைத் தப்பாப் படிக்கும், நாளைக்கு ப்ராசஸர், அடுத்த நாள் யுஎஸ்பி. ஒரே எரர் திரும்பத் திரும்ப வந்தா ஒரு டிரைவரையோ ஒரு பார்ட்டையோ சந்தேகப்படலாம், தினம் ஒரு எரர் வந்தா எல்லாருக்கும் பொதுவா இருக்கற சாப்பாட்டைத்தான் முதல்ல பாக்கணும். ரேம் மேல பழி விழுந்தது எரர் பேர்ல மெமரின்னு இருந்ததால மட்டும்தான்.

ஃபேனை மட்டும் மாத்தினா போதாதான்னு தம்பி கேட்டான். நான் ஒத்துக்கல. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது, நம்ம வீட்டு 230 வோல்ட்டை அது உள்ள கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசியா மாத்தி கெப்பாசிட்டர்ல வச்சிருக்கும், பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கொஞ்ச நேரம் அது இருக்கும், தொட்டா உயிருக்கே ஆபத்து. அதோட கெப்பாசிட்டர் சூட்டுல கிடந்தா சீக்கிரம் கிழடாகும், 10 டிகிரி கூடினா ஆயுசு பாதின்னு எலக்ட்ரானிக்ஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. காத்தே இல்லாம எத்தனை மாசம் வெந்துச்சோ. வாங்கறதுக்கு முன்னாடி கீழ் வீட்டு அங்கிள்கிட்ட அவர் பையன் மெஷின்ல இருந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாளைக்குக் கடன் வாங்கிப் போட்டுப் பாத்தேன், நாலு மணி நேரம் அசையாம ஓடுச்சு, மீட்டர் 12.02க்குக் கீழ இறங்கவே இல்ல. அப்பதான் காசு செலவு பண்ண மனசு வந்துச்சு. பிங்க் லைன்ல லஜ்பத் நகர் போய் வயலட் லைன் மாறி நேரு பிளேஸ், வேற கடை, 550 வாட் ப்ரான்ஸ் (Bronze) ரேட்டிங் உள்ளது, 3,600 ரூபாய். எங்க மெஷின் 200 வாட்டைத் தாண்டாது, ஆனா பாதிக்கும் கம்மியான பாரத்துல ஓடுற எஸ்எம்பிஎஸ் சூடும் கம்மி, ஃபேனும் மெதுவா சுத்தும். பெட்டியை மர ஸ்டூல் மேல ஏத்திட்டோம், ஜமுக்காளத்தை அம்மா துவைச்சு மடிச்சு வச்சுட்டாங்க.

ஜூன் மூணாவது ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு மணிக்கு, ரூம் இன்னும் கொதிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பீரோல இருந்து கேசட்டை எடுத்தோம். அப்பா குளிச்சுட்டு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி, எல்லாம் போச்சு. ரெண்டு மணி நேரம் தாண்டினதும் யாரும் பேசல. ரெண்டேகால் தாண்டுச்சு. ரெண்டு மணி நாப்பத்தொரு நிமிஷத்துல தாத்தா வந்தார், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, கேமரா இருக்கறதே தெரியாம மாமாகிட்ட, "பொண்ணுக்கு மோர் சாதம் தாம்ப்பா பிடிக்கும், ராத்திரியில சோறு இல்லன்னாலும் மோர் வச்சிருங்க"ன்னார். அப்பா திரும்பி அம்மாவைப் பாத்தார். நான் மீட்டரைப் பாத்தேன், 12.03.